விளக்கு வைப்பதற்குள் ஒரு போணி

எங்கள் ஊரில் புதுத் தொழில் தொடங்குகிறவர் முதல் நாள் விளக்கு வைப்பதற்குள் போணி பண்ணிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் வைத்து அவர் தலையை உடைப்பார்கள்.

முன்பெல்லாம் பூசணிக்காய்தான் உடைத்தார்கள். கண் திருஷ்டி பெருகிவிட்டது. பூசணிக்காய் தாங்கவில்லை. வியாபாரிகள் சங்கத்தில் கூடிப் பேசித் தலைக்கு மாறினார்கள். அந்தக் கூட்டத்தில் பலமாகக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அப்போது நான் சம்பளத்தில் இருந்தேன்.

தலை உடைந்தால் உயிர் போகாது. உயிர் போவதாக இருந்தால் யாரும் இவ்வளவு பயப்படப் போவதில்லை. உள்ளே இருக்கும் அனுபவம் விதை விதையாகச் சிதறிவிடும். அதுதான் பயம். பிறகு மண்டை ஓட்டைப் பொறுக்கி ஒட்டிக்கொண்டு நடமாடலாம்.

எனக்கு அனுபவத்தைத் தவிர வேறு முதல் கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் ஒரு தும்மல் போட்டால் லேத் மெஷின்கள் நிற்கும். மறு தும்மலுக்கு வேலைநிறுத்தம் வாபஸ் ஆகும். ஒரு தடவை நான் முறைத்த முறைப்பில் கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே ஏறி வந்தது. பம்பு அப்போது பெட்டியை விட்டே வெளியே எடுக்கப்படவில்லை.

இவ்வளவையும் மண்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டில் பூண்டு உரிப்பதா? காந்திபுரத்தில் ஒரு காம்ப்ளக்ஸில் அறை பிடித்தேன். மேலாண்மை ஆலோசனை நிறுவனம் என்று போர்டு மாட்டினேன்.

காலையில் திறப்பு விழா. என் மனைவி மரகதம் வாசலில் கோலம் போட்டாள். போர்டு எழுதியதில் மீதி இருந்த கறுப்பு மையை எடுத்து என் முகத்தில் வரைய ஆரம்பித்தாள். உருட்டி முழிக்கும் கண்கள். காது வரைக்கும் மீசை. வெளியே தொங்கும் நாக்கு.

"ஆடாம நில்லுங்க. நாக்கு கோணிக்குது."

"போணி ஆயிட்டா இதெல்லாம் வீண்தானே?"

"ஆயிட்டா கழுவிக்கலாம். ஆகலைன்னா சாயங்காலம் அவசரத்துல யாரு உக்காந்து வரையறது?"

பம்பு கம்பெனியில் இந்த அளவு முன்யோசனை உள்ள ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை.

எதிர் அறை நாகமாணிக்கத்துடையது. வருமான வரி ஆலோசகர். போன மாதம் அவர் தலையை உடைத்தார்கள். பசை போட்டு ஒட்டியிருந்தார். நெற்றியில் ஒட்டு தெரிந்தது. இடது காதை நாய் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். சட்டப் பிரிவுகளைத் தூக்கத்தில் கூடத் தப்பில்லாமல் ஒப்பித்துக்கொண்டிருந்த மனிதர்.

"வணக்கம் சார். இன்னிக்குத் தொடங்கறேன்."

"டீ சொல்லட்டுமா?" என்றார் நாகமாணிக்கம்.

"வேண்டாம் சார். முதல் கிளையன்ட்டை எப்படிப் பிடிக்கறதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"டீ சொல்லட்டுமா?"

"சரி, சொல்லுங்க."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மிச்சம் இருந்தது டீ பற்றிய பேச்சு மட்டும்தான்.

மாடிப்படியில் வெள்ளிங்கிரி உட்கார்ந்து கைகளுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வீதி முழுவதற்கும் தலை உடைக்கிறவர் அவர்தான். என்னை நிறுத்தி, விரல் முட்டியால் என் உச்சந்தலையில் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"நல்லா முத்துனதுங்க. உள்ள கலகலங்குது."

"போணி ஆயிடும், வெள்ளிங்கிரி."

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க. வெளியூரு கிளியூரு போயிராதீங்க. தேடிப் புடிச்சு ஒடைச்சா அதுக்குத் தனிக் கூலிங்க."

நான் புறப்பட்டேன். போணி ஆகாதவர் நடந்தால் அந்தக் காம்ப்ளக்ஸின் நடைபாதை நீளும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். தெருவுக்கு வருவதற்குள் என் செருப்பு தேய்ந்து வார் மட்டும் மிஞ்சியது. வாரை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

முதலில் அவினாசி சாலையில் சென்னியப்பனின் நூற்பாலைக்குப் போனேன். இயக்குநர்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மூன்றே இயக்குநர்கள். மூன்று பேரும் அண்ணன் தம்பிகள். நூல் சுற்றிய கோன்களால் ஒருவர் மண்டையில் ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ரத்தம் வரைபடம் மாதிரி ஏறி இறங்கியிருந்தது. கடைசிக் காலாண்டில் நல்ல ஏற்றம்.

"யாருங்க?" என்றார் சென்னியப்பன். அவர்தான் மூத்தவர். கடைக்குட்டித் தம்பியின் கழுத்து அவர் கக்கத்தில் இருந்தது.

"மேலாண்மை ஆலோசகர்ங்க. ஒரு நிமிஷம் பேசலாங்களா?"

"பேசுங்க. இவன் மூச்சு அடங்கற வரைக்கும் நான் சும்மாதான் இருக்கேன்."

விசிட்டிங் கார்டை நீட்டினேன். அதன் ஓரங்களை முந்தின நாளே சாணை பிடித்து வைத்திருந்தேன். கார்டு அவர் உள்ளங்கையில் புகுந்து புறங்கையில் வெளியே வந்தது. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருமையான கார்டுங்க. எங்க அடிச்சீங்க?"

"சிவகாசிங்க."

"அதானே பார்த்தேன்."

முதல் சந்திப்பு நன்றாக அமைந்துவிட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"உங்க கம்பெனியில முடிவெடுக்கிற முறையில சிக்கல் இருக்குதுங்க. மூணு பேருக்கு ஒரே ஒரு தலைவர் நாற்காலி."

"அந்த நாற்காலியிலதான் நேத்து அடிச்சுக்கிட்டோம். உடைஞ்சு போச்சு."

"அண்ணா, இவரு சொல்றது சரிங்ணா" என்றது கக்கத்தில் இருந்த தலை.

"நீ சும்மா இருடா. பெரியவங்க நெரிக்கறப்ப குறுக்க பேசாதே."

நான் மேலும் சொன்னேன். அதிகாரத்தைப் பகிர்வது பற்றிச் சொன்னேன். அவரவருக்குத் தனித்தனி ஆயுதம், தனித்தனி நேரம், காயத்துக்கு ஒரு பொதுவான அளவுகோல். மூவரும் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நடுத்தம்பிக்குக் கண் கலங்கியது. ஒரு பல் விழுந்ததாலும் இருக்கலாம்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா ஆலோசனை சொல்ல வர்றவங்களுக்குன்னு நாங்க ஒரு ஏற்பாடு வெச்சிருக்கோம்" என்றார் சென்னியப்பன்.

அவர் ஜன்னலைத் திறந்தார். அகலமான ஜன்னல். பல இடுப்புகள் உரசி உரசி அதன் சட்டம் வழவழப்பாகியிருந்தது. சென்னியப்பன் என் தோள்களைப் பிடித்தார். தம்பிகள் ஆளுக்கொரு கால் பிடித்தார்கள். ஒன்று, இரண்டு என்று சேர்ந்து எண்ணினார்கள்.

கீழே போகும்போது ஒன்றைக் கவனித்தேன். அன்றைக்கு அந்தச் சகோதரர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் இதுதான். என் ஆலோசனை அப்போதே பலன் கொடுத்துவிட்டது. ஆனால் கட்டணம் கைக்கு வராமல் அது போணி ஆகாது.

நான் விழுந்தது ஆலோசகர்கள் மேல். ஜன்னலுக்கு அடியில் ஒரு குவியலாகக் கிடந்தார்கள். தரச் சான்றிதழ் ஆலோசகர், ஏற்றுமதி ஆலோசகர், மின்சாரச் சிக்கன ஆலோசகர். அடியில் கிடந்த வாஸ்து ஆலோசகர் சொன்னார்: "ஜன்னல் தென்மேற்கு மூலையில இருக்கு. நான் அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே?"

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். தரச் சான்றிதழ்காரர் என் கெண்டைக்காலைக் கடித்தார்.

"இது எங்க கிளையன்ட். நீங்க எப்படி உள்ள போகலாம்?"

"உங்களைத்தான் வெளிய எறிஞ்சுட்டாங்களே?"

"ரெண்டு தடவை எறிஞ்சிருக்காங்க. நல்ல உறவு. கெடுக்காதீங்க."

அவர் வாயிலிருந்து காலைப் பிடுங்கினேன். கொஞ்சம் சதை அவரிடமே இருந்துவிட்டது. தொழிலில் நாலு பேருக்கு நாலு கொடுத்துத்தான் போக வேண்டும்.

அதற்குள் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மேம்பாலத்தில் நாலைந்து ஆட்கள் நின்று சூரியனுக்குக் கயிறு கட்டி மேற்கே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் மெதுவா இழுங்கப்பா. எனக்கு இன்னும் போணி ஆகலை."

"எங்களுக்கு ஷிப்ட் முடியுதுங்க" என்றார் கயிற்றின் நுனியைப் பிடித்திருந்தவர்.

அடுத்து கணபதி பகுதிக்குப் போனேன். அங்கே துளசிமணி என்பவர் வெட் கிரைண்டர் கம்பெனி நடத்தி வந்தார். கெட்டிக்காரப் பெண்மணி. வாசலிலேயே வந்து வரவேற்றார்.

"வாங்கண்ணா. முகமெல்லாம் வரைஞ்சு அம்சமா இருக்கீங்க. இன்னிக்கா திறந்தீங்க?"

"ஆமாங்க. உங்க மேனேஜரைப் பார்க்கலாமுங்களா?"

"அவரு மாவுல இருக்காருங்க."

எட்டிப் பார்த்தேன். பெரிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கல்லுக்கு நடுவில் ஒரு டை சுற்றிச் சுற்றி வந்தது.

"போன மாசம் உற்பத்தி குறைஞ்சு போச்சுங்கண்ணா. காரணம் என்னன்னு கேட்டேன். ஆராயணும்னாரு. சரி, நல்லா நைஸா ஆராயட்டும்னு உள்ள போட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒரு நிறுவனத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். பிரச்சினை வடிந்து வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

"நான் சரி பண்ணித் தர்றேங்க. கட்டணம் உங்க இஷ்டம். இன்னிக்கே முன்பணமா எதாவது கொடுத்துட்டா..."

"அதுக்கென்னங்கண்ணா. முதல்ல ஒரு சாம்பிள் காட்டுங்க."

"சாம்பிளா?"

"பழக்கடையில ஒரு சுளை குடுக்கறதில்லையா? அந்த மாதிரி."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து குறடை எடுத்தார். என் மார்பில் முழங்காலை ஊன்றினார். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். பத்துத் தையல் மெஷின் ஒரே நேரத்தில் தாடைக்குள் ஓடிய மாதிரி இருந்தது. சரக்குக் கையிருப்பைக் குறைப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்த அத்தனையும் அந்தப் பல்லில்தான் இருந்தது.

பல்லைக் கிரைண்டரில் போட்டார். ஒரு சுற்று ஓடவிட்டார். மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆஹா. கிடங்குல பாதி சரக்கைக் குறைக்கலாம்னு தோணுதே. எனக்கு இது தெரியாமப் போச்சே!"

"அப்ப வேலையை ஆரம்பிக்கலாமுங்களா?" என்றேன். ரத்தத்தோடு பேசினாலும் உச்சரிப்பு தெளிவாகவே இருந்தது.

"இன்னொரு சாம்பிள் குடுங்கண்ணா."

கொடுத்தேன். அது ஆள் எடுக்கும் திறமை இருந்த பல். மூன்றாவதையும் கேட்டார். முன்பல் மட்டும் வேண்டாம், பேச வேண்டும் என்று கெஞ்சினேன். பெரிய மனதோடு விட்டுவிட்டார்.

"ரொம்ப நல்லாருக்குதுங்க. யோசிச்சுட்டு நானே சொல்லி அனுப்பறேன்."

சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தால் நான் எத்தனை பேரைக் கொன்றிருக்கிறேன்!

காம்ப்ளக்ஸுக்குத் திரும்பியபோது சூரியனில் ஒரு கீற்றுதான் பாக்கி. தெருவில் கூட்டம் கூடியிருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் அலங்கார மீன் கடை திறந்தவருக்கும் போணி ஆகவில்லை. வெள்ளிங்கிரி அவர் தலையைத் திருகிக் காம்போடு கழற்றினார். உச்சியில் சூடம் ஏற்றினார். கட்டடத்துக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றினார். தலைக்கு மேலே தூக்கி ஓங்கித் தரையில் அடித்தார்.

உடையவில்லை. "ஐயோ" என்று சொல்லிக்கொண்டே துள்ளியது.

மறுபடி அடித்தார். மூக்கு மட்டும் நசுங்கியது. மூன்றாவது அடிக்குத் தலை உருண்டு ஆட்டோவுக்கு அடியில் போனது. வெள்ளிங்கிரி படுத்துக் கையை விட்டுத் துழாவினார். கூட்டம் கூச்சல் போட்டது.

"என்னய்யா தொழில் பண்றே? ஒரு தலைக்கு இவ்வளவு நேரமா?"

"மீன்காரருக்குத் தலைவலி வந்துராதா?"

கடைசியில் ஆட்டோவை ஏற்றித்தான் உடைக்க முடிந்தது. அதற்குப் பெயர் உடைப்பது இல்லை. நசுக்குவது. விதையெல்லாம் கூழாகிவிட்டது.

வெள்ளிங்கிரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தோள்பட்டை இறங்கியிருந்தது.

"போணி ஆச்சுங்களா?"

"ஆகலை."

"அப்ப கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க."

நான் குனியவில்லை. அந்தத் தளர்ந்த தோள்பட்டையையே பார்த்தேன். என் மண்டைக்குள் விதைகள் குலுங்கின.

"வெள்ளிங்கிரி, உங்களுக்கு ஒரு ஆலோசகர் தேவைப்படுதுங்க."

"எனக்குங்களா?"

"தொழில் பெருகிடுச்சு. முறை பழசாவே இருக்கு. ஒரு தலைக்கு மூணு அடி. தோள் வலி. சனங்ககிட்ட கெட்ட பேரு. இப்படியே போனா வேற ஆளை வைப்பாங்க. நான் சொல்ற மாதிரி செஞ்சா ஒரே அடி. விதை ஒண்ணுகூட நசுங்காது."

வெள்ளிங்கிரி யோசித்தார். சூரியனும் அவருக்காகக் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. தலைக்குள் போடுவதற்காக இடுப்பில் முடிந்து வைத்திருந்த ஒற்றை ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்தாங்க. போணி பண்ணிக்கோங்க. நல்ல கையா இருக்கோணும்."

அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாடியிலிருந்து மரகதம் கைதட்டினாள். கூட்டத்தில் சிலர் ஏமாற்றத்தோடு கலைந்தார்கள். என் தலை தப்பிவிட்டது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இரண்டு குதி குதித்தேன். கடிபட்ட கால் வலிக்கக்கூட இல்லை.

"சொல்லுங்க. எப்படி ஒடைக்கறது?" என்றார் என் முதல் கிளையன்ட்.

சொன்னேன். முகத்தைக் கீழே பார்க்கப் பிடிக்க வேண்டும். ஓங்கி எறியக் கூடாது. தோள் உயரத்திலிருந்து மணிக்கட்டைச் சுண்டிவிட்டால் போதும். சூடம் உச்சியில் வேண்டாம். காதுக்குப் பின்னால், மண்டை ஓடு கூடும் வரியில் வைத்தால் அந்த இடம் இளகிக் கொடுக்கும். முப்பது வருஷம் வார்ப்பிரும்பு எங்கே விரிசல் விடும் என்று பார்த்தவன் நான். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"வாயில சொன்னா புரியலீங்க. ஒண்ணை ஒடைச்சுக் காட்டுங்க" என்றார் வெள்ளிங்கிரி.

"எதை உடைக்கறது?"

அவர் சுற்றிலும் பார்த்தார். நானும் பார்த்தேன். நாகமாணிக்கம் ஏற்கெனவே உடைந்தவர். ஒட்டுப் போட்ட தலையில் பரிசோதனை செய்தால் கணக்குத் தப்பும். மரகதம் கடை எதுவும் திறக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் போணி ஆகியிருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் என் தலையைப் பார்த்தோம். என்னால் அதைப் பார்க்க முடியாது என்பீர்கள். பார்த்தேன்.

போணி செய்கிறவர் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். சொன்னால் அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்கும் வியாபாரம் ஓடாது. சோப்பு இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கியாவது கொடுத்துவிடுவோம். தலைக்கு அப்படி ஒரு வசதி இல்லை.

"மரகதம்!" என்று கூப்பிட்டேன். "உடம்பைக் கொஞ்சம் பிடிச்சுக்க."

அவள் இறங்கி வந்தாள். "போணி ஆகியும் உடைக்கறாங்களா?"

"வேலை எடுத்தாச்சு. முடிச்சுக் குடுக்கணுமில்ல?"

"இதுக்குத்தான் காலையிலேயே வரைஞ்சு வெச்சேன்" என்றாள். என் உடம்பைச் சட்டை கசங்காமல் சுவரில் சாய்த்து வைத்தாள்.

வெள்ளிங்கிரி தலையைத் திருகினார். முகத்தைக் கீழே பார்க்கப் பிடித்தார். காதுக்குப் பின்னால் சூடம் வைத்தார். சுட்டது. "இன்னும் கொஞ்சம் பின்னால" என்றேன். நகர்த்தினார். தோள் உயரம். மணிக்கட்டு.

ஒரே அடி.

சுத்தமான உடைப்பு. பூ விரிந்த மாதிரி. கூட்டம் "ஆஹா" என்றது. என் வலது கண் ஒரு மினி பஸ்ஸின் டயர் ஓரம் போய் விழுந்தது. அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. பம்பு கம்பெனியில் இருந்த காலம் முழுவதும் நான் சொன்ன யோசனைகளை அவரவர் இஷ்டத்துக்கு மாற்றிக் குட்டிச்சுவராக்கினார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே மனிதர் வெள்ளிங்கிரி. டயர் ஓரத்தில் கிடந்த கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகு விதைகளைப் பார்த்தேன். தெரு முழுக்கக் கிடந்தன. பெரிய பெரிய விதைகள். ஒன்றுகூட நசுங்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்காகக் காத்திருந்த சென்னியப்பன் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே தம்பிகள். எதிர்ப்பக்கத்திலிருந்து துளசிமணி குறடோடு பாய்ந்தார்.

"எடுங்கடா! காசில்லாமக் கிடைக்குது!"

"அதைத் தொடாதீங்க. எனக்குத்தான் முதல்ல சாம்பிள் குடுத்தாரு!"

சென்னியப்பன் துளசிமணியின் முடியைப் பிடித்தார். துளசிமணி அவர் கட்டைவிரலைக் குறடால் திருகி எடுத்தார். தம்பிகள் தரையில் படுத்து விதைகளை நக்கினார்கள். தரச் சான்றிதழ்காரர் எங்கிருந்தோ வந்து எல்லாரையும் கடித்தார். தொழிலாளர் சமாதானம் பற்றிய விதைக்காக மட்டும் மூன்று பேருக்கு விலா எலும்பு முறிந்தது. என் அனுபவத்துக்கு இவ்வளவு கிராக்கி என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மரகதம் ஓரமாகக் கிடந்த ஒரே ஒரு விதையை எடுத்தாள். பல்லிடுக்கில் வைத்துக் கடித்தாள். மென்றாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா முப்பது வருஷமா வீட்டுல அந்த அலட்டல்?"

தோலைத் துப்பிவிட்டு என் ஓடுகளை முந்தானையில் பொறுக்கினாள்.

காலையில் பசை காய்ந்துவிட்டது. நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். உடைப்பு சுத்தமாக இருந்ததை ஊரே பேசியது. அவ்வளவு விளம்பரம் வேறு எதிலும் கிடைக்காது. கிளையன்ட்டுகள் வரிசை கட்டி நின்றார்கள். வரிசைக்கு இடம் போதாமல் நடைபாதை இப்போதும் நீண்டது.

முதல் ஆள் உள்ளே வந்தார். சாயப்பட்டறை முதலாளி. முதுகில் அரிவாள் செருகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து கற்றையாக நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எவ்வளவு வேணும்னாலும் வாங்கிக்கோங்க. என் கூட்டாளி என்னை வெட்டறான். என் ஆளுங்க பட்டறைக்குத் தீ வெச்சுட்டாங்க. பேங்க்காரங்க கீழ நிக்கறாங்க. நான் என்ன செய்யட்டும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது என்பது ஞாபகம் இருந்தது. பதில் இருந்த இடத்தில் காற்று அடித்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். நம்பிக்கையோடு முன்னால் சாய்ந்தேன்.

"டீ சொல்லட்டுமா?" என்றேன்.

எதிர் அறைக் கதவு திறந்தது.

"எனக்கும் ஒண்ணு" என்றார் நாகமாணிக்கம்.